அமைதிக் கூட்டத்துக்கு வந்தால் மட்டும் போதுமா?

ரமலான் மாதத்தில் அஸர் என்கிற சாயங்காலத் தொழுகை முடிகிற நேரம் எங்கள் காரைக்குடிப் பக்கம் எந்தப் பள்ளிவாசலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் திருநீறு பூசிய நெற்றிகளும் இருக்கும். கஞ்சி ஊற்றுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டார். "சூடா இருக்கு, மூடிய நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கத்தா" என்பார், அவ்வளவுதான்.

இதைச் சொல்லித்தான் 'எங்கள் ஊரில் பிரச்சினையே இல்லை' என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைதான். ஆனால் கஞ்சி வாங்கிய நாம் நோன்பு எதற்கு என்று கேட்டதில்லை. குன்றக்குடிக்குக் காவடி எடுப்பது ஏன் என்று பக்கத்து வீட்டு பாயும் நம்மிடம் கேட்டதில்லை. அதனால்தான் யாரோ ஒருவர் கத்திப் பேசிய குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வரும்போது, அது பொய் என்று மனசுக்குத் தோன்றினாலும் எதிர்த்துச் சொல்ல நமக்கு விவரம் போதவில்லை.

அந்த விவரத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் மதத் தலைவர்கள். ஊரில் சின்னதாக ஒரு உரசல் வந்தால் அதிகாரிகள் அமைதிக் கூட்டம் போடுவார்கள். எல்லாரும் வந்து கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள். சரி, அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நடக்கிற பயானில், அதாவது சொற்பொழிவில், அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? ஞாயிற்றுக்கிழமை மறையுரையில்? கோயில் திருவிழாச் சொற்பொழிவில்? பெரும்பாலும் கிடையாது. மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்வது சுலபம். தன் ஆட்கள் முன்னால் நின்று, 'நம்மில் ஒருவர் பேசியது தப்பு' என்று சொல்வதுதான் கஷ்டம். தலைவர் என்று ஒருவர் இருப்பதே அந்தக் கஷ்டத்துக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதைச் செய்தவர் நம் மண்ணிலேயே இருந்தார். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே கலவரம் மூண்டபோது, குன்றக்குடி சைவ மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளார் மடத்தில் உட்கார்ந்து அறிக்கை விட்டதோடு நிற்கவில்லை. குமரி மாவட்டத்துக்கே போய் இரண்டு பக்கத்து மக்களிடமும் பேசினார். பல மதத்தாரும் சேர்ந்து உட்காரத் திருவருட் பேரவை என்ற அமைப்பையும் நடத்தினார். கடவுளே இல்லை என்ற பெரியாரோடும் அவர் மேடையைப் பகிர்ந்துகொண்டவர். அதனால் அவருடைய சைவம் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

2019 பிப்ரவரி 4 அன்று போப் பிரான்சிஸும் எகிப்தில் இருக்கிற அல்-அஸ்ஹர் இஸ்லாமியக் கல்வி நிலையத்தின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிபும் அபுதாபியில் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். நம் சிவகங்கைச் சீமைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை பார்க்கிற ஊர் அது. அந்த ஆவணம் நம்மூர்ப் பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ தமிழில் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை. மடங்களும் அதைப் பேசலாம், தடை ஒன்றும் இல்லையே.

கருத்து மாறுபாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாதம் செய்வது நமக்குப் புதிதும் இல்லை. நகரத்தார் தங்கள் பூர்வீகம் என்று சொல்கிற காவிரிப்பூம்பட்டினத்தில், இந்திர விழாவுக்கு முரசறைந்தவன் சமயவாதிகளைப் 'பட்டி மண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று அழைத்ததாக மணிமேகலை சொல்கிறது. பகைவரோடானாலும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்றும் சேர்த்தே அறிவித்தான். வாதத்துக்கு மேடை உண்டு, சண்டைக்கு இடமில்லை. காரைக்குடிக்குப் பட்டிமன்றம் நடத்தச் சொல்லித்தரவா வேண்டும்?

நான் கேட்பது இரண்டே விஷயம். திருவிழாக் காலம் தொடங்கும் முன்னால், அதிகாரி கூப்பிடாமலே அர்ச்சகரும் இமாமும் பங்குத்தந்தையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, ஊர்வலப் பாதை, ஒலிபெருக்கி, தொழுகை நேரம் எல்லாவற்றையும் தாங்களே பேசி முடிக்க வேண்டும். அப்புறம், வெறுப்பைப் பரப்பும் பதிவு ஒன்று வந்தால், பேசியவர் எந்த மதமோ அந்த மதத்தின் பெரியவரே அன்று ராத்திரிக்குள் தன் குரலில் மறுத்து அதே குரூப்பில் போட வேண்டும். அதை ஊரெல்லாம் அனுப்பி வைக்க நாங்கள் இருக்கிறோம்.