ஆர்.ஏ. ஃபக்டர் நெகடிவ் என்றால் வாதம் இல்லையா?

தம்பி, 'வெள்ளவத்தையில் இரத்தம் குடுத்துப் பார்த்தோம், ஆர்.ஏ. ஃபக்டர் நெகடிவ், ஆகவே அம்மாவுக்கு முடக்குவாதம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடிவெடுக்க ஏலாது. ஆர்.ஏ. ஃபக்டர் என்பது முடக்குவாதத்தைச் சந்தேகித்தால் இரத்தத்தில் தேடிப் பார்க்கும் ஒரு எதிர்ப்புப் பொருள், அவ்வளவுதான். முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது நெகடிவாகவே வரும். வயதான சிலருக்கோ ஒரு வருத்தமும் இல்லாமலே பொசிடிவ் காட்டும்.

வைத்தியர் முதலில் பார்ப்பது கையைத்தான். என் பெரியம்மாவின் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "காலையில் எழும்பினால் விறைப்பு விட எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டார். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கவே ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார் பெரியம்மா. இப்படி நீண்ட காலை விறைப்பு முடக்குவாதத்தின் அடையாளம், என்னைக் கேட்டால் அந்தப் பதிலே பாதி ரிப்போர்ட். சிக்குன்குன்யாவும் இப்படி மூட்டுகளை நோகவைக்கும் என்பதால், அது வந்து போனதா என்றும் விசாரித்தார். கொழும்பில் கேட்க வேண்டிய கேள்விதானே. அப்புறம்தான் முடக்குவாதத்துக்கான இன்னொரு இரத்தப் பரிசோதனையான ஆன்டி சிசிபி, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., எக்ஸ்ரே எல்லாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

2010இல் வந்த சர்வதேச அளவுகோலில் 10 புள்ளிக்கு 6 அல்லது அதற்கு மேல் எடுத்தால் முடக்குவாதம். அதில் பாதிக்கப்பட்ட மூட்டுகளுக்கு 5 வரை உண்டு, ஆர்.ஏ. ஃபக்டர், ஆன்டி சிசிபி இரண்டுக்கும் சேர்த்தே அதிகபட்சம் 3தான். எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதையும் அது பார்க்கும்: அம்மாவின் வீக்கம் 6 வாரம் தாண்டிவிட்டதா? சரி, அப்படியென்றால் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, வாதநோய் வைத்தியரிடம் கையைக் காட்டச் சொல்லுங்கள்.