நான்காம் பக்கம்

போன வாரம் ஒரு தோழி இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள். அவளுடைய அம்மாவின் பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. நல்ல முடிவு இல்லை. "என்னடி ஆச்சுன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. சாதாரணக் கட்டிதான்னு சொல்லிடட்டுமா? நம்பிக்கையோடயாவது இருப்பாங்கல்ல?" என்றாள். எதைக் கேட்டாலும் சட்டென்று கருத்துச் சொல்லிவிடுகிற ஆள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. காலையில் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். காலையில் பேசியதும் அரைகுறைதான். அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. பொய் சொன்னவன் என்ற முறையில்.

அப்பா ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவர். வயிற்றுவலி என்று ஆரம்பித்தது. ஒரு ஸ்கேன், அப்புறம் இன்னொரு ஸ்கேன், கடைசியில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கல்லீரலுக்கும் பரவியிருந்தது. டாக்டர் எங்களை வெளியே அழைத்து, ஆறு மாதம், முன்னே பின்னே ஆகலாம் என்றார். அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் அந்த வராந்தாவில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடிவெடுத்தோம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம். கணையத்தில் வீக்கம், மருந்திலேயே வற்றிவிடும், மூன்று மாதம் பொறுத்தால் போதும். இதை முதலில் சொன்னது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. ஒருவரும் மறுக்கவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஃபைலில் இருந்து பயாப்ஸி தாளை மட்டும் உருவி என் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் இருந்த எழுத்தெல்லாம் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு தாளின் கீழேயும் எண் போட்டிருந்தார்கள். நாற்பது வருடம் லெட்ஜர் புரட்டிய விரல் அங்கே போய் நின்றது. "மூணுக்கு அப்புறம் அஞ்சு வருது. நாலு எங்கடா?"

ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். ஃபைலை மூடிக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. அந்த ஒரு "சரி"க்கு என்ன அர்த்தம் என்று ஏழு வருடமாக யோசிக்கிறேன். தெரிந்துகொண்டு எங்களுக்காக நடித்தாரா, உண்மையாகவே நம்பினாரா? நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கடனுக்கு ஜாமீன் போட்ட விவகாரம். தப்பு யார் பக்கம் என்று கேட்டால் இரண்டு பக்கமும் என்பேன். படுத்த பிறகு அம்மா மெல்ல ஆரம்பித்தார்: "உங்க அண்ணனுக்கு ஒரு போன் போடுவோமா?" அப்பா சொன்னது இது: "உடம்பு தேறட்டும், நானே நேர்ல போறேன். இப்ப கூப்பிட்டா படுத்துக்கிட்டு இரக்கத்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று சொன்ன வாயால், அதெல்லாம் வேண்டாம், இப்பவே கூப்பிடுங்க என்று எப்படிச் சொல்வது? தேறிவிடுவோம் என்று நம்புகிற மனிதன் பேசுகிற பேச்சு அது. அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நாங்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவர் அண்ணனைத் தள்ளிப் போட்டார்.

அப்பா ஐந்தாவது மாதத்தைத் தாண்டவில்லை. கடைசிப் பத்து நாள் மருந்து மயக்கம்தான். பெரியப்பா வந்து கட்டில் பக்கத்தில் நின்றபோது அப்பா கண் திறக்கவில்லை.

இப்படிச் சொன்னால் உடனே ஒருவர் வள்ளுவரைக் கொண்டுவருவார். வீட்டிலும் கொண்டுவந்தார்கள். 292ஆம் குறள்: "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கத்தக்கது. நல்லதுக்குப் பொய் சொல்லலாம் என்று லைசென்ஸ் கொடுத்த மாதிரி இதை எடுத்துக்கொள்கிறோம். கடைசிச் சொல்லான "எனின்" யார் காதிலும் விழுவதில்லை. நன்மை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். "புரைதீர்ந்த" என்று ஒரு சொல்லை அதன் முன்னால் வைத்திருக்கிறார். பரிமேலழகர் உரையைப் பாருங்கள். கேடோ சாவோ நெருங்கி நிற்கிற ஓர் உயிர், அந்தப் பொய்யால் அதிலிருந்து நீங்கி இன்பம் அடைய வேண்டும், அதுதான் அந்த நன்மை என்கிறார். துரத்தி வருகிறவனிடம், அவன் இந்தப் பக்கம் வரவில்லை என்று சொல்கிற பொய் அது. ஓர் உயிர் தப்புகிறது. எங்கள் பொய்யால் அப்பா எதிலிருந்து தப்பினார்? சாவிலிருந்து இல்லை. சாவு வருகிறது என்ற செய்தியிலிருந்து. இரண்டும் ஒன்றா?

(துரத்தி வருகிறவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1797இல் ஒரு கட்டுரையே எழுதினார். கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் கூடாதாம். அவரை விட்டுவிடுவோம். அவர் வீட்டில் போய் ஒளிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.)

வீட்டார் மட்டும் இப்படிச் செய்வதில்லை. டாக்டர்களும் நெடுங்காலம் இதைத்தான் செய்தார்கள். 1961இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சிகாகோ மருத்துவமனை ஒன்றின் 219 டாக்டர்களைக் கேட்டிருந்தார்கள். சுமார் 90 சதவீதம் பேர், புற்றுநோய் என்றால் நோயாளியிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்றார்கள். காரணம், நம்பிக்கை போய்விடுமாம். 1979இல் அதே கேள்விகளை இன்னொரு மருத்துவமனையின் டாக்டர்களிடம் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவதே வழக்கம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் அப்படியே தலைகீழ். மனித மனம் பதினெட்டு வருடத்தில் அந்த அளவுக்கு உறுதியாகிவிடவில்லை. சிகிச்சைகள் கூடின, நோயாளியின் உரிமை என்ற பேச்சு எழுந்தது. சொன்னால் தாங்க மாட்டார்கள் என்ற பயம் எவ்வளவு தூரம் நோயாளியைப் பற்றியது, எவ்வளவு தூரம் சொல்ல வேண்டியவரைப் பற்றியது என்று எனக்குச் சந்தேகம் வந்தது இதைப் படித்த பிறகுதான்.

உண்மையைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்ற கணக்கே தப்பு என்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் ஸ்டீபன் ஜே கூல்ட். பரிணாம உயிரியல் அறிஞர். 1982இல் அவருக்கு மீசோதெலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. இதைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டார். படிக்கிற மாதிரி பெரிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டர் மழுப்பினார். நான் சொன்ன ஜெராக்ஸ் கதைதான், கொஞ்சம் படித்தவர்கள் சொல்கிற விதத்தில். கூல்ட் நேராக நூலகத்துக்குப் போனார். அங்கே இருந்தது ஒரு வரி: இடைநிலை ஆயுள் எட்டு மாதம். கொஞ்ச நேரம் திகைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தார். இடைநிலை என்றால் பாதிப் பேர் எட்டு மாதத்துக்கு மேல் இருக்கிறார்கள். அந்தப் பாதியில் சிலர் பல வருடம் இருக்கிறார்கள். தன் வயது, நோயைக் கண்டுபிடித்த கட்டம் எல்லாம் பார்த்தால் தான் அந்தச் சிலரில் ஒருவராக இருக்க வாய்ப்பு உண்டு என்று கண்டுகொண்டார். இருபது வருடம் வாழ்ந்து 2002இல் வேறொரு புற்றுநோயில் இறந்தார். எல்லோருக்கும் அப்படி ஆகாது, தெரியும். அவருக்கு நம்பிக்கை கிடைத்த இடம்தான் எனக்கு முக்கியம். டாக்டர் மறைத்துவைத்த பக்கத்துக்குள்ளேயே அது இருந்தது.

சரி, அப்படியானால் எப்போதுமே பொய் கூடாதா? அப்படிச் சொல்ல நான் தயாரில்லை.

முதலில், பொய்யே இல்லாத சிலவற்றை ஒதுக்கிவிடலாம். "எல்லாம் நல்லபடியா நடக்கும்", "உன்னால முடியும்", "நூறு வயசு இருப்பே". இதெல்லாம் வாழ்த்து. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது தெரியும். நூறு வயசு என்றீர்களே, ஆதாரம் எங்கே என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை" என்பது வேறு. அது தகவல். வாழ்த்தைத் தகவல் போலச் சொல்லும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. நாங்கள் செய்தது அதைத்தான்.

அடுத்து, என் பாட்டி. அம்மாவைப் பெற்றவர். கடைசி மூன்று வருடம் மறதி நோய். தாத்தா இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்த்து "அவர் இன்னும் வரலியே" என்பார். முதல் தடவை நான் உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறவரைப் போல அழுதார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பத்து நிமிடத்தில் அழுகையும் மறந்தது, செய்தியும் மறந்தது. மறுநாள் சாயங்காலம் அதே வாசல், அதே கேள்வி. அன்றைக்கு, "கொஞ்சம் லேட்டாகுமாம் பாட்டி, வந்துடுவார்" என்றேன். "சொல்லிட்டுப் போனாத்தான் என்ன" என்று தாத்தாவைத் திட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு நூறு தடவையாவது அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் கூசாமல் சொல்வேன்.

அப்பாவிடம் சொன்னதும் பொய், பாட்டியிடம் சொன்னதும் பொய். ஒன்று குத்துகிறது, ஒன்று குத்தவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். உண்மையை வைத்துப் பாட்டி செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை, அழுவதைத் தவிர. அப்பாவுக்கு இருந்தது. ஒரு போன் செய்ய இருந்தது. அந்தச் சிகிச்சையின் வாந்தியும் மயக்கமும் வேண்டுமா, வீட்டில் இருந்துவிடலாமா என்று தீர்மானிக்க இருந்தது. ஐந்து மாதமும் அவருடையது. அதை எப்படிச் செலவு செய்வது என்பதை நாங்கள் தீர்மானித்துவிட்டோம், அதுவும் தப்பான இருப்புத் தொகையைக் காட்டி. ஒரு கணக்கரிடம்.

பாரதக் கதையில் பேர்போன பொய் ஒன்று இருக்கிறதே, அஸ்வத்தாமன் இறந்தான் என்பது. துரோணரின் நம்பிக்கையைக் கொன்று ஆயுதத்தைக் கீழே வைக்க வைத்த பொய். அதுவரை தரையைத் தொடாமல் நாலு விரல்கடை மேலே ஓடிய தர்மனின் தேர் அன்றைக்குத் தரை தட்டியது. நம்பிக்கையைக் கொல்லுகிற பொய்க்குத் தேர் இறங்கும். நம்பிக்கை கொடுக்கிற பொய்க்கு இறங்காது என்றுதான் நாங்கள் மூன்று பேரும் அந்த வராந்தாவில் நினைத்தோம்.

தோழியிடம் பாதிதான் சொன்னேன் என்றேன் அல்லவா, மீதி இது. ஃபைலைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் போட வேண்டாம். எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரையே கேள். வேண்டாம், நீங்களே பார்த்துக்கோங்க என்று சொல்பவர்களும் உண்டு, அப்படிச் சொன்னால் விட்டுவிடு. ஆனால் கேட்டால், அதுவும் திரும்பத் திரும்பக் கேட்டால், மழுப்பாதே. சொல்லிவிட்டு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார். உண்மையில் அதுதான் கஷ்டம். பொய் சொன்னால் அறையை விட்டு வெளியே வந்துவிடலாம். நான் ஜெராக்ஸ் என்று சொல்லிவிட்டு அப்படித்தான் வந்தேன்.

இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் முழுசாகாது. அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்ற அன்று பெரியப்பா என்னை வெளியே அழைத்துக் கேட்டார்: "என்னைப் பத்தி ஏதாவது சொன்னானாப்பா?"

"உங்களைப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார் பெரியப்பா" என்றேன்.

சொல்லிக்கொண்டே இல்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் உடம்பு தேறின பிறகு என்று. பெரியப்பாவுக்கு இப்போது 78 வயது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். உடம்பு, மழை, பேரன் படிப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில், "அன்னிக்கு என்னடா சொன்னான், இன்னொரு தடவை சொல்லு" என்பார். சொல்வேன். போன தடவை, "அண்ணன் வந்தாரான்னு கேட்டார் பெரியப்பா" என்று ஒரு வரி கூடச் சேர்த்துவிட்டேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி" என்றார்.