டைப்-சி சட்டம்: ஒரு திருத்தம்

"ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டாச்சு, இனி எல்லா டைப்-சி கேபிளும் ஒரே வேகம், பழைய லைட்னிங் ஐபோன் அங்கே செல்லாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (லைட்னிங் என்பது ஐபோனின் பழைய சார்ஜிங் துளை.) இரண்டுமே தவறு. டைப்-சி சார்ஜிங் துளை கட்டாயம் என்பதுதான் அந்த விதி; அதுவும் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்குத்தான். கையில் இருப்பதை யாரும் பிடுங்கப் போவதில்லை.

அப்புறம் வேகம். ஐபோன் 15-இல் டைப்-சி இருந்தாலும் தரவு போவது பழைய யூஎஸ்பி 2 வேகத்தில், நொடிக்கு 480 மெகாபிட். 15 ப்ரோ 10 ஜிகாபிட் வரை போகும். ஆனால் அதன் பெட்டியில் வரும் வெள்ளை கேபிளும் யூஎஸ்பி 2தான். பெரிய வீடியோவை லேப்டாப்புக்கு மாற்ற வெகுநேரம் ஆவது இதனால்தான். நல்ல சட்டம் அது, அதன்மேல் பழி போடாதீர்கள். கேபிள் வாங்கும்போது அட்டையில் எத்தனை ஜிபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை ஜிகாபிட்) என்று பார்த்து வாங்குங்கள்.