கிளாடிஸ் அம்மையாரின் மன்னிப்பும் நம் பிரசங்க பீடங்களும்

ஒடிசாவில் கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்ற மிஷனரியையும் அவர் இரண்டு மகன்களையும் எரித்துக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற மகேந்திர ஹெம்பிராம் 2025 ஏப்ரலில் நன்னடத்தையின் பேரில் சிறையிலிருந்து விடுதலையானபோது, எங்கள் சபைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிளம்பிய வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. 'கணவரையும் மகன்களையும் பறிகொடுத்த கிளாடிஸ் அம்மையாரே மன்னித்துவிட்டார், பேச நாம் யார்?' என்று ஒரு கட்சி. 'அந்த அம்மா மன்னித்ததால்தான் இவர்களுக்கெல்லாம் துணிச்சல் வருகிறது' என்று மறுகட்சி. இரண்டு கட்சியாரும் அந்த அம்மையார் செய்ததைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரஹாம் ஸ்டெயின்ஸ் 1965இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒடிசாவுக்கு வந்து, பாரிபதாவில் தொழுநோயாளர் இல்லத்தைக் கவனித்துவந்தவர். 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் கிராமத்தில், ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த தம் இரண்டு மகன்களோடு வண்டிக்குள் படுத்திருந்தார். நள்ளிரவுக்குப் பின் ஒரு கும்பல் வந்து வண்டிக்குத் தீ வைத்தது. பெரியவன் பிலிப்புக்குப் பத்து வயது. சின்னவன் திமோத்தேயுவுக்கு ஆறு. எஞ்சியவர்கள் மனைவி கிளாடிஸும் பதின்மூன்று வயது மகள் எஸ்தரும்தான்.

கிளாடிஸ் மன்னித்தேன் என்றார். அது எல்லாருக்கும் தெரியும். கூடவே அவர் சொன்ன இன்னொன்றை நம் போதகர்கள் பலரும் சொல்வதில்லை. மன்னிப்பு வேறு, குற்றத்துக்கான விளைவு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம் என்பது அவர் நிலை. தண்டனை வாங்கித் தரவேண்டும் என்ற எண்ணம் தமக்கில்லை, அவர்கள் மனந்திரும்பினால் போதும் என்று விசாரணைக் கமிஷனிடம் தெரிவித்தார். வழக்கு தன் வழியே போனது. 2003இல் அந்தக் கும்பலின் தலைவன் தாரா சிங்குக்கு மரண தண்டனை. 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. இத்தனை ஆண்டுகளும் அவர் தம் நிம்மதியை எந்தத் தீர்ப்பின் கையிலும் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. பாரிபதாவிலேயே தங்கி நோயாளிகளைப் பார்த்தார். அங்கே ஓர் ஆஸ்பத்திரி எழும்பியது. 2004இல்தான் ஊர் திரும்பினார்.

விடுதலை என்று நான் சொல்வது இதைத்தான். எதிராளியின் முகம் நம் காலைப்பொழுதை ஆளாமல் போவது. அதற்கு அவன் வந்து காலில் விழ வேண்டியதில்லை, தீர்ப்பு நமக்குச் சாதகமாக வர வேண்டியதும் இல்லை.

எங்கள் ஊரில் கிணற்றுப் பங்கில் பிரிந்த அண்ணன் தம்பி இருந்தார்கள். அசனப் பண்டிகையில் ஊரே வரிசையாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடும்போது, தம்பி முதல் பந்தி என்றால் அண்ணன் கடைசிப் பந்தி. திருவிருந்து ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்ததும் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். உபதேசியாரும் சேகரகுருவும் பேசிப் பார்த்து ஓய்ந்தார்கள். பிறகு ஒரு லெந்து காலத்தில், யாரும் கேட்காமலே, அவர் திருவிருந்துக்கு எழுந்து போனார். முன்சீப் கோர்ட்டில் வழக்கை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. தண்ணீர் முறை தீர்ப்பாகட்டும், பிள்ளைகள் காலத்திலாவது தகராறு இல்லாமல் இருக்கும் என்றார். ஊரில் சிலர் இதென்ன மன்னிப்பு என்று சிரித்தார்கள். அவர் மனைவி என் அம்மாவிடம் சொன்னது வேறு: "இப்போதுதான் அக்கா, சாப்பிட உட்கார்ந்தால் குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிறார். இத்தனை வருஷமும் தட்டுக்கு முன்னால் தம்பி பேச்சுதான்."

மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையில் வரும் ஊழியக்காரனை நினைத்துப் பாருங்கள். பதினாயிரம் தாலந்து கடன் அவனுக்குத் தள்ளுபடியாகிவிட்டது. பல ஜென்மம் உழைத்தாலும் அடைக்க முடியாத தொகை. வெளியே வந்தவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். நூறு நாள் கூலி, அற்பமான தொகை என்று சொல்லிவிட முடியாது. நமக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை வேதம் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை என்பது எனக்கு ஆறுதல்.

யோசேப்பின் கதை இன்னும் ஆழமானது. தன்னை விற்ற சகோதரர்கள், எகிப்தில் அதிபதியாகிவிட்ட அவனிடமே தானியம் கேட்டு வந்து நின்றபோது, அவன் உடனே கட்டிப்பிடித்துவிடவில்லை. சிமியோனைக் காவலில் வைத்தான். கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துச் சோதித்தான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். மன்னிக்க மனம் போதும். மறுபடி நம்புவதற்கு ஆதாரம் வேண்டியிருந்தது. அதைவிட வேடிக்கை, தகப்பன் யாக்கோபு எகிப்தில் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து இறந்த பின்பும் அந்தச் சகோதரர்கள், இனிமேல் பழிவாங்குவானோ என்று நடுங்குகிறார்கள். பதினேழு ஆண்டுகள் அவன் போட்ட சோற்றைச் சாப்பிட்டும் அவர்களுக்கு நிம்மதி இல்லை. யோசேப்போ மூத்த மகன் மனாசே பிறந்த நாளிலேயே தன் வருத்தத்தை மறந்துவிட்டிருந்தான்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? கணவனிடம் அடிபட்டு உதடு கிழிந்து வருகிற பெண்ணிடம் "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே அம்மா" என்கிறோம். சபைக் கணக்கில் கை வைத்தவரைக் கேள்வி கேட்டால் "கசப்பான வேர் வேண்டாம் தம்பி" என்கிறோம். என் சகோதரனை எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு இயேசுவிடம் தனக்காகக் கேட்டான். அடுத்த வீட்டுக்காரிக்கு எத்தனை தரம் என்று கேட்கவில்லை. அடிபட்டவர் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டிய விடுதலையை, அடித்தவனுக்கு வசதியாக நாம் பிடுங்கிக் கொடுத்தால் அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்காதீர்கள். வாயை அடைப்பது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அப்படியானால் தாரா சிங்கையும் விட்டுவிடலாமா என்று குழுவில் கேட்ட நண்பருக்கு. அது சட்டப்படி அரசாங்கமும் நீதிமன்றமும் முடிவு செய்ய வேண்டிய காரியம். சிறையில் அவர் எப்படி நடந்தார், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து முடிவெடுக்கட்டும். அவருடைய விடுதலை மனுவோடு கிளாடிஸ் அம்மையாரின் மன்னிப்பை இணைக்க வேண்டாம், அதை எதிர்ப்பவர்களும் அவரைத் திட்ட வேண்டாம்.