கிளீன் போட்டாச்சு, இப்ப என்ன பண்ண?

நேற்று மூன்றரை மணி நேரம் பாழ். மாற்றியது என்னவோ ஒரே ஒரு என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது கோடுக்கு வெளியே வைத்திருக்கும் ஒரு செட்டிங்.

அதில் இருந்த டெஸ்ட் சர்வர் முகவரியை மாற்றிவிட்டு, கோடை ஆப்பாக்கித் தரும் கிரேடில் என்ற கருவியில் பில்ட் போட்டேன். பச்சை, எல்லாம் சரியாம். ஆப்பைத் திறந்தால் பழைய சர்வர் வாசலிலேயே போய் நிற்கிறது. நான்தான் தப்பாக அடித்திருப்பேன் என்று டெர்மினலில் எக்கோ போட்டுப் பார்த்தேன். புது முகவரி பல்லை இளிக்கிறது. டீமில் கேட்டால் வழக்கமான பதில்: "கிளீன் போட்டுப் பாத்தியா?"

பழைய பில்டின் மிச்சத்தைத் துடைக்கும் கட்டளை அது. போட்டேன் சாமி. பில்ட் ஃபோல்டரே காணாமல் போனது. மறுபடி ஓட்டினேன், எட்டு செகண்டில் முடிந்தது, அதே பழைய சர்வர். எட்டு செகண்டா? கன்சோலை பிளெயினுக்கு மாற்றி லாக்கை வரிவரியாகப் படித்தேன். பில்டில் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். கான்ஃபிக் ஃபைலை உருவாக்கும் டாஸ்க் முதல் ரன்னில் "அப்-டு-டேட்", எதுவும் மாறவில்லையாம். கிளீனுக்குப் பிறகு "ஃப்ரம்-கேஷ்", முன்பு சேமித்து வைத்ததை எடுத்துக்கொண்டதாம். ஆக, இரண்டு தடவையும் அது ஓடவே இல்லை!

கிரேடிலில் கிளீன் அழிப்பது ப்ராஜெக்டுக்குள் இருக்கும் பில்ட் ஃபோல்டரை மட்டும். பில்ட் கேஷ் இருப்பது ஹோம் டைரக்டரியில், டாட் கிரேடில் ஃபோல்டரில். குப்பையை வாசல் வழியாகக் கொட்டினேன், அது கொல்லை வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. கிளீனோடு, கேஷைத் தொடாதே என்று சொல்லும் நோ-பில்ட்-கேஷையும் சேர்த்துப் போட்ட பிறகுதான் புது முகவரி வந்தது.

இதில் கிரேடிலைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. டாஸ்க்கின் கோட், அதன் இன்புட்கள் எல்லாவற்றுக்கும் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை, போட்டு ஒரு கீ எடுக்கிறது. அதே கீ ஏற்கெனவே இருந்தால் பழைய அவுட்புட்டை எடுத்து வைத்துவிடுகிறது. அவ்வளவுதான். ஆனால் எதெல்லாம் இன்புட் என்று நாம்தானே சொல்ல வேண்டும்? எங்கள் புண்ணியவான் ஒருவர் டாஸ்க்குக்குள்ளேயே கெட்என்வ் போட்டு வேரியபிளைப் படித்திருக்கிறார். இன்புட் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் மறக்காமல் தலையில் "கேஷபிள்டாஸ்க்" என்று ஒட்டியிருக்கிறார்! நாமாக எழுதும் டாஸ்க்கை கிரேடில் தானாகக் கேஷ் பண்ணாது. "தாராளமாகப் பண்ணு, நான் பொறுப்பு" என்று நாம் வலியப் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் பண்ணும். கையெழுத்து இருக்கிறது, பொறுப்பைத்தான் காணோம். அதுவும் டீம் மொத்தமும் பகிர்ந்துகொள்ளும் ரிமோட் கேஷ் வேறு வைத்திருக்கிறோம். முதலில் யார் மெஷினில் ஓடியதோ, அவருடைய சர்வர் முகவரி மொத்த டீமின் தலையிலும்.

இதற்கு நேர்மாறான கூத்து இன்னொரு மாட்யூலில். பில்ட் ஆன நேரத்தை, செகண்ட் உட்பட, ஒரு ப்ராப்பர்டீஸ் ஃபைலில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஃபைல் புதுசு, ஹாஷ் புதுசு, அதை நம்பி இருக்கும் டாஸ்க் எல்லாம் முதலிலிருந்து. அந்த நேரத்தை இதுவரை ஒருத்தராவது படித்தாரா? பிறகு, "கேஷ் போட்டும் பில்ட் ஸ்லோவாத்தான் இருக்கு" என்று மீட்டிங்கில் புலம்பல்.

1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற பில்ட் கருவி, ஃபைல் மாறிய நேரத்தை மட்டும்தான் பார்க்கும். ஏமாறும்தான். ஆனால் ஏன் ஏமாந்தது என்று ரெண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பேசல் என்ற இன்னொரு பில்ட் கருவி இன்னும் கறார்: சாண்ட்பாக்ஸில், அதாவது தனி அடைப்புக்குள், ஓட்டும்போது, சொல்லாத ஃபைலைக் கண்ணிலேயே காட்டாது, பில்ட் அங்கேயே விழும். விழட்டுமே! பச்சை காட்டிக் கழுத்தறுப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

சரி, திட்டி என்ன ஆகப் போகிறது என்று நானே உட்கார்ந்து அந்த வேரியபிளை இன்புட்டாக அறிவித்தேன். ஒரே வரி. ரிவ்யூவுக்கு அனுப்பினேன். இன்று காலை கமென்ட் வந்திருக்கிறது:

"இது எதுக்கு? கிளீன் போட்டா சரியாயிடுமே?"