குஷனைத் தொட்டுப் பாருங்கள், கம்பெனிப் பெயரைப் பிறகு பார்க்கலாம்

சுற்றுப்புற இரைச்சலை நீக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கலாமா, வாங்கினால் எது நல்லது என்று இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன், தலையில் எப்போதும் அந்தக் கறுப்புப் பொருளை மாட்டிக்கொண்டிருக்கிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனால் காணொளியில் விமர்சனம் சொல்கிறவர்கள் பலருக்கு அந்தத் தகுதிகூட இல்லை. அவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் அக்னி நட்சத்திரத்தில் மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

"உலகமே அமைதியாகிவிடும்" என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். ஆகாது. கருவியின் வெளிப்புறத்தில் இருக்கும் மைக் சுற்றுப்புற ஓசையைக் கேட்கிறது; உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்கு அனுப்புகிறது; மேடும் பள்ளமும் மோதி இரண்டும் அடங்கிப்போகின்றன. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். ஹெட்போனுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், போஸ் கம்பெனியை நிறுவிய அமர் போஸ். கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப் போன விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன். 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று எரிச்சலடைந்து, அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தாராம். விமானிகளுக்கான கருவி 1989-இல் வந்தது, நம்மைப் போன்றவர்களுக்கு 2000-இல்.

விமானத்து உறுமலுக்காகப் பிறந்த பொருள் என்பதால்தான் நம் தனியார் பஸ்ஸுக்கும் அது பொருந்துகிறது. எஞ்சின் உறுமல் தாழ்ந்த ஓசை, ஒரே சீராக ஓடுவது. அதை இந்தக் கருவி துடைத்து எடுத்துவிடும். திடீரென்று எழுவதையும் கீச்சென்று ஒலிப்பதையும் அதனால் பிடிக்க முடிவதில்லை. கண்டக்டரின் விசில் அப்படியே வரும். பின் சீட்டில் மைத்துனர் கல்யாணத்துக் கணக்கைப் பேசிக்கொண்டு வருகிறவரின் குரலும், கொஞ்சம் மங்கலாக, வந்து சேரும். முதல் வாரத்தில் எனக்கு ஒரு வேடிக்கை நடந்தது. பஸ்ஸில் ஒரு பழைய பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் போயிற்று, பாட்டிலிருந்த டிரம்ஸும் கூடவே போயிற்று. பாடகியும் வயலினும் மட்டும் மிச்சம். தவளக்குப்பம் வரைக்கும், தாளம் இல்லாமல் பாடிக்கொண்டிருந்த அந்த அம்மாவைக் கேட்டுக்கொண்டே போனேன்.

கீச்சென்ற உயர்ந்த ஓசைகளை அடைப்பது மின்னணு வேலை இல்லை, குஷனின் வேலை. காதைச் சுற்றி அது இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் இரைச்சல் உள்ளே வரும், பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த ஓசை, வெளியே போகும். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பு குஷனுக்கு நடுவே ஓர் இடுக்கை உண்டாக்கிவிடுகிறது. இதைக் கடையிலேயே சோதிக்கலாம்: பாட்டு ஓடும்போது இரண்டு பக்கத்தையும் விரலால் மெதுவாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால், அழுத்தாதபோது ஒழுகுகிறது என்று பொருள். தடித்த சட்டம் போட்ட கண்ணாடியை விட்டு மெல்லிய கம்பிச் சட்டத்துக்கு நான் மாறியதற்கு இதுதான் காரணம். வீட்டில் அழகுக்காக என்று சொல்லியிருக்கிறேன்.

இனி என் வயிற்றெரிச்சல். நான் முதலில் வாங்கியது பெயர் பெற்ற கம்பெனியுடையது, பெயர் வேண்டாம். இருபத்தைந்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பதினான்காவது மாதம் ஒருநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், "சார், கன்னத்தில் என்ன கரி?" என்று கேட்டார். கரி இல்லை. குஷனின் செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. தலையைச் சாய்த்தால் காலர் மேலும் உதிர்கிறது. கடற்கரை ஊரின் புழுக்கம், வியர்வை, காதோரத்து எண்ணெய் மூன்றும் சேர்ந்து செய்த வேலை. ஒரு வாரத்தில் உரிந்த இடம் வழியாக எஞ்சின் உறுமல் திரும்பி வந்துவிட்டது, பேஸும் மெலிந்துபோயிற்று. கருவிக்கு உள்ளே எந்தப் பழுதும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், குஷன் தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்றார்கள். சரி, காசு கொடுத்தே மாற்றுகிறேன் என்றேன். ஸ்டாக் இல்லை என்றார்கள். இரண்டு மாதம் அதே பதில்.

ஆகவே வாங்கும் முன் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, குஷனைக் கழற்றி மாட்ட முடியுமா, தனியாக விலைக்குக் கிடைக்குமா என்பதுதான். பேட்டரி எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் பிறகு. இன்று நல்ல கருவிகள் பலவும் இரைச்சல் நீக்கத்தோடு 30 மணி நேரம் போகின்றன, சென்ஹைசர் மொமென்டம் 4 போன்றவை 60 வரைக்கும் சொல்கின்றன. தினமும் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு இரண்டுமே போதும், அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

எடையைப் பாருங்கள். சோனி எக்ஸ்எம்5 250 கிராம் அளவு. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் அளவு. இடைவெளி 135 கிராம்தானே என்று தோன்றும். நண்பருடைய ஏர்பாட்ஸ் மேக்ஸை வாங்கி ஒரு மாலை மாட்டிப் பார்த்தேன். ஒலி பிரமாதம், மறுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து உச்சந்தலை தன் இருப்பை அறிவிக்கத் தொடங்கியது. தலைக்குத் தலை மாறும், என் தலை இப்படி.

ஒலி பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. பெரும்பாலான கருவிகள் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பேஸைத் தூக்கிவைத்துத்தான் பாடுகின்றன. என் சோதனைப் பொருள் மிருதங்கம். அதன் இடப்பக்கமான தொப்பியில் விழும் கும்கி என்ற தாழ்ந்த நாதம், இழுபட்டு வளைந்து அடங்குவது காதுக்குத் தெரிய வேண்டும். பல கருவிகளில் அது தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டியதுபோல் "தொம்" என்று மட்டும் விழுகிறது, வலப்பக்கமான வலந்தலையின் நாதம் அதற்குள் புதைந்துபோகிறது. போனில் போடும் அதன் செயலியில், ஓசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் கீழ்ப் பட்டையை மூன்று நான்கு படி இறக்கிய பிறகுதான் என்னுடையது மனிதனாயிற்று. எல்டிஏசி என்ற உயர்தர புளூடூத் முறை நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும் என்று பெருமையாகப் பெட்டியில் போடுகிறார்கள். ஐபோன்காரர்களுக்கு அது இல்லை. இருக்கிற எனக்கும் நெரிசலான பஸ் நிலையத்தில் பாட்டு விட்டு விட்டு வந்தது, அணைத்துவிட்டேன். ஓடுகிற பஸ்ஸில் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு என் வணக்கம்.

மற்ற வசதிகளில் சில உதவி, சில உபத்திரவம். நாம் பேசினால் பாட்டைத் தானாக நிறுத்தும் வசதியை முதல் நாளே அணைத்தேன், ஏனென்றால் நான் கூடவே முணுமுணுக்கிறவன். ஒவ்வொரு சரணத்திலும் பாட்டு நின்றது. வெளி ஓசையை உள்ளே விடும் முறை மட்டும் அவசியம், டிக்கெட் வாங்கவும், முதலியார்பேட்டையில் சாலையைக் கடக்கவும். அங்கே அமைதி ஆபத்து.

போனில் பேசுவதைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இரைச்சலை நீக்குவது நம் காதுக்காக. எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த மரியாதை இல்லை. அவருக்கு வாயிலிருந்து விலகி, காதோரம் இருக்கும் மைக்தான் கதி. பஸ்ஸிலிருந்து அழைத்தபோது அம்மா, "என்னப்பா, கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுகிறாயா?" என்றார். அதேபோல் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் நடப்பவர்கள் கவனிக்க: காற்று வெளி மைக்கில் மோதினால் காதுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் எழும். சில கருவிகளில் காற்றுக்குத் தனி அமைப்பு இருக்கிறது. நான் அங்கே கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன்.

இத்தனை குறை சொல்லியும் ஏன் இன்னும் மாட்டுகிறேன் என்றால், ஒலியளவுக்காக. முன்பு சாதாரண இயர்போனில் எஞ்சினை மிஞ்ச எண்பது சதவீதம் வரை ஏற்றுவேன். இறங்கிய பிறகும் காதில் ரீங்காரம் இருக்கும். இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டுவதில்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ரீங்காரம் போய்விட்டது.

குஷன் உரிந்த பழையதற்குப் பதிலாக, இப்போது மாட்டும் புதியதைப் புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பையன் நல்லவன். உள்ளே அமைதியில் போட்டுப் பார்ப்பதால் என்ன தெரியும் என்றதும், வாசல்படி வரை எடுத்துப் போக விட்டான். இருபது நிமிடம் ஆட்டோக்களுக்கு நடுவே நின்றேன். காது சுடுகிறதா, தாடை மூட்டில் அழுத்துகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரியாது. அதன் தோல் குஷனைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, தொள்ளாயிரம் ரூபாய்க்குத் துணி குஷன் ஒரு ஜோடி வாங்கிப் போட்டிருக்கிறேன். வியர்வை குறைந்திருக்கிறது, இரைச்சல் ஒரு பிடி கூடியிருக்கிறது, பேஸும் சற்று இறங்கியிருக்கிறது. நான்கு மாதமாக உரியவில்லை.