டாக்டர் ஹூ இதழ் 1989இல் நிற்கவில்லை

பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' அறிவியல் புனைகதைத் தொடருக்கான இதழை பிபிசியே நடத்துகிறது என்றும், 1989இல் தொடர் நின்றபோது இதழும் நின்று, 2005இல் மீண்டும் தொடங்கியது என்றும் ஒரு தகவல் பகிரப்பட்டு வருகிறது. இரண்டும் தவறு.

1979 அக்டோபரில், 12 பென்ஸ் விலையில், அட்டையில், அப்போது தொடரின் நாயகனான டாக்டராக நடித்த டாம் பேக்கரின் படத்தோடும் உள்ளே இலவச ஒட்டுப்படங்களோடும் இதை வார இதழாகக் கொண்டுவந்தது மார்வெல் நிறுவனத்தின் பிரிட்டன் கிளை. பிபிசி கொடுத்தது உரிமம் மட்டுமே. 1980 செப்டம்பரில், 44ஆவது இதழிலிருந்து, அது மாத இதழானது. 1995 முதல் வெளியிடுவது பனினி நிறுவனம்.

1989 டிசம்பர் 6 அன்று ஒளிபரப்பான பகுதிக்குப் பின், 1996இல் வந்த ஒரேயொரு தொலைக்காட்சித் திரைப்படத்தைத் தவிர, 2005 மார்ச் வரை புதிய கதை எதுவும் திரைக்கு வரவில்லை. ஆனால் எழுதுவதற்குப் புதிய தொடரே இல்லாத அந்த ஆண்டுகளிலும் இதழ் இடைவிடாமல் வெளிவந்தது. பழைய கதைகள் தயாரிக்கப்பட்ட விதத்தை ஆவணங்களைக் கொண்டு ஆராயும் கட்டுரைகள் பக்கங்களை நிரப்பின. அதுவரை திரையில் அந்த 1996 திரைப்படத்தில் மட்டுமே தோன்றியிருந்த, பால் மெக்கான் நடித்த டாக்டர், இதன் சித்திரக்கதையில் 1996 முதல் 2005 வரை பயணம் செய்தார். நின்றுபோன இதழில் இது எப்படிச் சாத்தியம்?

தொலைக்காட்சித் தொடரை அடிப்படையாகக் கொண்டு மிக நீண்டகாலம் வெளிவரும் இதழ் என்று 2010இல் கின்னஸ் இதை அங்கீகரித்தது.